சில்யாவின் ஆறாவது சீட்டு

ஒன்பது பஸ், ஒன்பது டிரைவர், ஒரு மெக்கானிக், நான். எங்கள் ஸ்கூல் பஸ் கொட்டகை அவ்வளவுதான். என் பேர் பெவ். கொட்டகைக்கு நான்தான் பொறுப்பு. அமெரிக்காவின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் பிறந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இங்கேயே புருஷனைப் புதைத்தவள். ஆறு மாசம் பனி கொட்டுகிற ஊர் இது. விடியுமுன்னே எழுந்து மண்வாரியால் வழி வெட்டினால்தான் கொட்டகைக் கதவையே திறக்க முடியும். அதைப் பற்றிப் புலம்புகிறவர்களை நாங்கள் மனுஷராக மதிப்பதில்லை. எனக்குப் புலம்ப வேறு விஷயம் நிறைய இருக்கிறது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்குள் எல்லா பஸ்ஸிலும் கேமரா மாட்டியாக வேண்டும் என்று ஸ்கூல் போர்டு உத்தரவு போட்டது. பஸ்ஸுக்கு நாலு. ஒன்று டிரைவர் தலைக்கு மேலிருந்து டிரைவரையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்கும். ஒன்று பின்னாலிருந்து, ஒன்று ரோட்டை, ஒன்று வாசற்படியை. சத்தமும் பதிவாகும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காம். கேட்டதும் எனக்கே எரிச்சல். யார் உட்கார்ந்து அத்தனையையும் பார்ப்பது? நான்தானே!

டிரைவர்களைக் கூப்பிட்டுக் காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்துச் சொன்னேன். மெக்கானிக் அர்னிதான் முதலில் வாயைத் திறந்தான். அவனுக்கு எதுவும் வேடிக்கைதான்.

"இனிமே டிரைவருங்க மூக்கு நோண்டணும்னாக்கூட பஸ்ஸை விட்டு இறங்கித்தான் நோண்டணும்."

"உனக்கென்ன, நீ பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டு நோண்டுவே" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கார்லா நீமி மட்டும் சிரிக்கவில்லை. ஏழாம் நம்பர் பஸ் அவளுடையது. நாற்பத்தெட்டு வயசு, நல்ல திடமான உடம்பு. பஸ்ஸுக்கு வருமுன் பதினைந்து வருஷம் மரமில்லில் ரம்பத்தடியில் நின்றவள். எப்போதும் மேசையின் இடது ஓரத்தில்தான் உட்காருவாள். அது ஏன் என்று அத்தனை வருஷமும் நான் யோசித்ததில்லை.

"பெவ், எங்க வீட்டுல டிவியே கிடையாது. எங்க சபையில அது வேண்டாம்னு வெச்சிருக்கோம், உனக்கே தெரியும். இப்ப என் தலைக்கு மேலயே ஒண்ணைக் கொண்டாந்து மாட்டுறியே."

"அடியே, நீ அதைப் பாக்கப்போறதில்ல. அதுதான் உன்னைப் பாக்கப்போவுது."

"அது இன்னும் மோசம்."

"உன் பஸ்ஸுல என்னடி பயம்? ஊருலயே அமைதியான பஸ் உன்னுதுதான்னு நீதானே சொல்லிக்கிட்டுத் திரியுறே."

"அமைதிதான். என் புள்ளைங்க வாயே திறக்காது. அப்புறம் எதுக்குக் கேமரா?" என்று எழுந்தாள். ரொட்டியைக்கூடத் தொடவில்லை.

பக்திக்காரி, வேறென்ன என்று விட்டுவிட்டேன். அவள் வீட்டு நிலைமை வேறு எனக்குத் தெரியும். அவள் புருஷன் ரோய் மேல் மூன்று வருஷத்துக்கு முன் காட்டில் மரம் சாய்ந்து முதுகு போயிற்று. கட்டிலும் சக்கர நாற்காலியுமாகக் கிடக்கிறான். அவன் வைத்தியம் முழுக்க அவள் வேலையோடு வரும் இன்சூரன்ஸில்தான் ஓடுகிறது. பாவம், எரிந்து விழுந்தால் விழட்டும் என்று நினைத்தேன்.

ஜனவரி மூன்றாம் வாரம் கார்லா என் மேசையில் ஒரு மஞ்சள் சீட்டை வைத்தாள். பஸ்ஸில் பிள்ளைகள் சேட்டை செய்தால் டிரைவர் எழுதிக் கொடுக்கும் சீட்டு. 'சில்யா பெல்டோலா. மூன்றாம் வகுப்பு. ரயில் பாதையில் பஸ் நிற்கும்போது எழுந்து நின்றாள்.'

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். சாப்பாட்டு டப்பாவைக் கீழ போட்டுட்டு எழுந்து நிக்குறா. சொன்னாக் கேக்கமாட்டேங்குறா. நல்ல புள்ளதான் பெவ், அதான் எனக்குப் புரியல."

ஃபைலைப் பார்த்தேன். அந்தப் பள்ளி வருஷத்தில் இது ஐந்தாவது சீட்டு. ஐந்து ஆனால் மிச்ச வருஷம் முழுக்க அந்தப் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்பது விதி. பெல்டோலா வீடு பதினாலு மைல் தள்ளிக் காட்டுக்குள். பதினோரு பிள்ளைகள். பஸ் இல்லையென்றால் சில்யாவுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை.

அவள் அம்மா மார்த்தாவுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, அந்தக் கழுதை வீட்டுல பூனை மாதிரி இருப்பாளே! ஒவ்வொரு சீட்டுக்கும் திட்டியாச்சு. ஒரு மாசம் சறுக்குப் பலகையைத் தொடக்கூடாதுன்னு பூட்டி வெச்சாச்சு. ஏன்டி எழுந்தேன்னு கேட்டா, 'டப்பா விழுந்துச்சு'ங்குறா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. பெவ், நெசமாவே அவ நின்னாளா? கார்லாவுக்குக் கண்ணு கிண்ணு..."

"கேமரா இருக்குல்ல, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. இதுக்காவது அந்தப் பெட்டி உதவட்டும்!

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ரயில் பாதை வந்தால் ஸ்கூல் பஸ் நின்றாக வேண்டும். கதவைத் திறந்து, டிரைவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளை அடக்கி, காது கொடுத்துக் கேட்க வேண்டும். கண் பார்த்தது போதாது, காதும் சொல்ல வேண்டும். அப்புறம்தான் நகரலாம். எந்தப் பிள்ளையாவது நின்றுகொண்டிருந்தால் அது உட்காரும்வரை பஸ்ஸை நகர்த்தக் கூடாது. ஏழாம் நம்பர் போகும் தடத்தில் ஆல்டர் வளைவு என்று ஒரு கிராசிங். கேட் கிடையாது, பெருக்கல் குறி போட்ட பலகை மட்டும்தான். ஒரு பக்கம் ஊசியிலை மரங்கள், ஒரு பக்கம் ஆள் உயரப் பனிமேடு. மரம் ஏற்றின ரயில் வாரத்துக்கு மூன்றோ நாலோ வரும், அதற்கு நேரம் காலம் கிடையாது. பனி கொட்டும் நாளில் ஹார்ன் சத்தம்கூட மெத்தைக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் வரும்.

காபியை வைத்துக்கொண்டு அந்த நாளின் பதிவைப் போட்டேன்.

முதலில் தூக்கிவாரிப் போட்டது சத்தம். ஊருலயே அமைதியான பஸ்ஸாம்! கம்பளிக் குல்லா பறக்கிறது, இரண்டு பையன்கள் ஊளையிடுகிறார்கள், பின்னால் ஒரு கூட்டம் சீட்டைத் தட்டித் தாளம் போடுகிறது. கார்லா நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள், ஏதோ சபையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

ஆல்டர் வளைவு வந்தது. பஸ் நின்றது. கதவு திறந்தது.

முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே மூச்சில் அடங்கின. யாரும் அதட்டவில்லை. கடைசி இரண்டு சீட்டுப் பையன்கள் இரண்டு பக்கமும் ஜன்னலை ஒரு சாண் இறக்கினார்கள். வெளியே ஜீரோவுக்குக் கீழே பதினைந்து டிகிரி. குல்லாவைக் கழற்றிவிட்டு வெறும் காதை வெளியே நீட்டினார்கள். நடு சீட்டிலும் அப்படியே இரண்டு பேர். மற்றவர்கள் அசையவில்லை. ஐந்து வயசுக் குஞ்சு ஒன்று இருமல் வந்து கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டது. மற்றப் பிள்ளைகளின் கண்ணெல்லாம் கடைசி சீட்டு மேல்.

நான் சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். எங்கேயோ, ரொம்பத் தூரத்தில், ஹார்ன்.

கடைசி சீட்டுக்காரன் கை உயர்ந்தது. அடுத்த வரிசையில் ஒரு கை. அதற்கடுத்து ஒன்று. அப்படியே வரிசை வரிசையாகக் கைகள் முன்னால் ஏறி வந்தன. ஒரு சத்தமில்லை. கார்லாவின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை அதில், கண் தண்டவாளத்தின் மேலேயே இருந்தது. அவள் கை கதவை மூடும் பிடிக்குப் போனது.

முதல் சீட்டில் சில்யா. சிவப்புக் கையுறை. டப்பாவைத் தூக்கி இரண்டு வரிசைக்கும் நடுவே போட்டாள். தடாலென்று விழுந்தது. எழுந்து நடுவில் வந்து நின்றாள்.

"சில்யா! உட்காரு!" கார்லா கண்ணாடியில் பார்த்து அதட்டுகிறாள்.

சில்யா மெதுவாகக் குனிந்தாள். டப்பாவை எடுத்தாள். மறுபடி நழுவ விட்டாள். மறுபடி குனிந்தாள்.

"சில்யா பெல்டோலா, இப்ப உட்காரப்போறியா இல்லியா?"

ரோட்டைப் பார்க்கும் கேமராவில் பனிமேட்டுக்குப் பின்னாலிருந்து எஞ்சின் மூக்கு வந்தது. அப்புறம் மரம், மரம், மரம். இருபத்திரண்டு பெட்டி. கடைசிப் பெட்டி போனதும் சில்யா போய் உட்கார்ந்தாள். பையன்கள் ஜன்னலை ஏற்றிக்கொண்டு காதைத் தேய்த்துக்கொண்டார்கள். "கர்த்தரே, நல்லவேளை" என்று கார்லா முணுமுணுப்பது பதிவாகியிருந்தது. பிறகு சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

காபி ஆறிக் கிடந்தது. அர்னியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாம் தரம் போடச் சொன்னான். பார்த்து முடித்துத் தொப்பியைக் கழற்றினான். பெண்டாட்டி சவ அடக்கத்தில்கூட அவன் தொப்பியைக் கழற்ற நான் பார்த்ததில்லை.

"அந்தப் பொம்பளைக்குக் காது கேக்கல பெவ்."

"தெரியுது."

"புள்ளைங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. முப்பத்தெட்டு வாய்! எங்க வீட்டுல ரெண்டே ரெண்டு இருக்கு, நான் குசு விட்டாக்கூட ஊருக்கே சொல்லிடும்."

மற்ற நாட்களின் பதிவையும் பார்த்தோம். ரயில் வராத நாளில் கைகள் உயரவில்லை, ஒருத்தரும் எழவில்லை. மௌனம் மட்டும் தினமும் அதே மௌனம். போன வருஷ ஃபைலையும் எடுத்தேன். சில்யா பேரில் நாலு சீட்டு. எல்லாம் ரயில் பாதை. அப்படியானால் இரண்டு குளிர்காலம்! எட்டு வயசுப் பிள்ளை திட்டு வாங்கி, தண்டனை வாங்கி, 'டப்பா விழுந்துச்சு' என்ற ஒரே பொய்யைக் கட்டிக் காத்திருக்கிறாள். பெரியவர்கள் நாங்கள் என்ன செய்து கிழித்தோம்? சீட்டை ஃபைலில் குத்தினோம்.

கோபமும் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு நாள் அந்தக் கடைசி சீட்டுப் பையனுக்குச் சளி பிடித்துக் காது அடைத்திருந்தால்?

மறுநாள் சனிக்கிழமை. கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு கார்லா வீட்டுக்குப் போனேன். நீராவிக் குளியலுக்கான சானா அறைக்கு விறகு போட்டிருந்தார்கள், புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அவள், கறி அடைத்துச் சுடும் பாஸ்டிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். ரோய் சக்கர நாற்காலியில் இருந்தபடி மாட்டுக்கறியையும் உருளைக்கிழங்கையும் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் மேடையில் அவள் பின்னிய குட்டிக் கையுறைகள் ஒரு கூடை. கையுறை தொலைத்த பிள்ளைகளுக்கென்று பஸ்ஸில் வைத்திருப்பாள்.

நான் அவளுக்கு இடப்பக்கம் நின்று, தணிந்த குரலில், "கார்லா, உன் அடுப்புல என்னமோ தீயுது" என்றேன்.

ரோய் கத்தியை நிறுத்தினான். அவள் மாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"போச்சு" என்றான் ரோய். "தெரிஞ்சுபோச்சா?"

நான் சுற்றிவந்து அவள் முகத்துக்கு நேரே நின்றேன். "எவ்வளவு நாளாடி?"

அவள் உருட்டுக்கட்டையைக் கீழே வைத்தாள். "எது?"

"காது."

ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "இடது காது மில்லுலயே போச்சு. வலது ரெண்டு மூணு வருஷமா. போன தடவை டாக்டர் குசுகுசுன்னு சொல்லிச் சோதிச்சப்ப அவர் உதட்டைப் பாத்தே சொல்லிட்டேன். வர்ற ஜூன்ல அடுத்த சோதனை."

"மெஷின் வாங்கி மாட்ட வேண்டியதுதானே?"

"மாட்டினா லைசென்ஸைப் புடுங்கிடுவாங்களே."

"யாருடி சொன்னா?"

"ரோயோட அண்ணன்."

"அவனா! உறைஞ்ச ஏரி மேல டிரக்கை நிறுத்திட்டு ஐஸ் உருகாதுன்னு சொன்ன ஆளு! அவன் பேச்சையா நம்பினே? மெஷின் மாட்டிக்கிட்டுச் சோதனைக்குப் போகலாம்டி, தாராளமா ஓட்டலாம். விதியிலயே இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா உனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா நீ என்னை இறக்கணும். இவரு முதுகு?" "நான் அஜாக்கிரதையா இருக்கல பெவ். தண்டவாளத்துல அதிகமாவே நிப்பேன். கிளையில பனி உதிருதான்னு பாப்பேன். ஸ்டியரிங்ல நடுக்கம் வருதான்னு பாப்பேன். கர்த்தரும் கைவிடல. ஒவ்வொரு தடவையும் ரயில் வரும்போது சரியா ஏதாவது ஒண்ணு தடுத்துடும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"எது தடுக்கும்?" என்றேன்.

நான் கம்ப்யூட்டரை மாவுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். "சபையில வேண்டாம்னு வெச்சிருக்கீங்க, தெரியும். இருந்தாலும் இதை நீ பாத்துத்தான் ஆகணும்."

"பாரு கார்லா" என்றான் ரோய்.

பார்த்தாள். சத்தத்தைக் கூட்டவில்லை, அவளுக்கு அது தேவையும் இல்லை. இறங்கும் ஜன்னல்கள், குல்லா கழற்றின காதுகள், பின்னாலிருந்து முன்னால் ஏறிவரும் கைகள். தன் கை கதவுப் பிடிக்குப் போவதைப் பார்த்தபோது அவள் வாயில் மாவுக்கையை வைத்துக்கொண்டாள். சில்யா டப்பாவைப் போட்டாள். ரயில் வந்தது.

"அது... அவங்களா?" என்றாள். "அது அவங்களா பெவ்? நான் கர்த்தர்னு..."

"கர்த்தரும்தான்" என்றான் ரோய். அவன் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"நான் அவளுக்குச் சீட்டு எழுதினேன். ஒவ்வொரு தடவையும். என் கையாலயே." முகத்தை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் கதவருகே ஆணியில் தொங்கிய பஸ் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் வைத்தாள். "இந்தா. அந்தப் புள்ளை தலையில இனிமே ஒரு நாளும் இந்தப் பாரம் வேண்டாம். வேலை போனாப் போகட்டும்."

"போகாது. நீ லீவுல இருக்கே. போய் அந்த மெஷினை மாட்டு. ஆனா போர்டுக்கு நான் இதைச் சொல்லியாகணும் கார்லா, மறைக்கமாட்டேன்."

"சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. அவளைப் பத்தியும் சொல்லு."

அன்றைக்குச் சாயங்காலமே அவசரக் கூட்டம் போட்டு, போர்டுக்காரர்கள் ஏழு பேர் அந்தப் பதிவைப் பார்த்தார்கள். திட்டத் தயாராக வந்தவர்கள்தான். சில்யாவின் ஐந்து சீட்டையும் ரத்து செய்தார்கள். டாக்டர் சோதித்துக் கையெழுத்துப் போடும்வரை கார்லா ஓட்டக்கூடாது, போட்டால் ஓட்டலாம் என்று எழுதினார்கள். அப்புறமும் யாரும் எழுந்து போகவில்லை. தலைவர் கிழவர் இன்னொரு தரம் போடச் சொன்னார்.

திங்கட்கிழமை ஏழாம் நம்பரை நானே ஓட்டினேன். ஆல்டர் வளைவில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். அந்த மௌனத்துக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது, பதிவில் பார்த்தது கால்வாசிகூட இல்லை. பின்னால் முப்பத்தெட்டு உயிர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"சில்யா, எனக்கு நல்லாக் காது கேக்கும்டி" என்றேன் மெதுவாக.

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். "மிஸ்ஸஸ் நீமியை அனுப்பிட்டீங்களா?"

"இல்ல. காதுக்கு மெஷின் வாங்கப் போயிருக்கா. வந்துடுவா."

"நாங்க யாரும் சொல்லலையே."

"நீங்க சொல்லல. கேமரா சொல்லிடுச்சு. எப்படிடி ஆரம்பிச்சீங்க?"

"ஒரு தடவை மிஸ்ஸஸ் நீமிக்குக் கேக்கல. நாங்க எல்லாரும் கத்தினோம், அதுவும் கேக்கல. பென்னி பயந்து எழுந்துட்டான். அவங்க கண்ணாடியில பாத்துட்டு, உட்காருன்னு திட்டினாங்க. பஸ் நகரல. அதான்..." கையுறையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "ஒருத்தர் நின்னா பஸ்ஸும் நிக்கும்ல."

"அவகிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அழுவாங்க" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, இரண்டு காதிலும் மெஷினோடு, டாக்டர் கையெழுத்தோடு கார்லா வந்தாள். காலை ஓட்டம் முடிந்து கொட்டகைக்குள் நுழைந்தவள் முகம் வெளுத்திருந்தது.

"பெவ், என்ன கூச்சல்டி அது! சந்தைக்கடை தோத்துடும். எப்பவும் இப்படித்தானா?"

"ஊருலயே அமைதியான பஸ்" என்றான் அர்னி.

"தண்டவாளத்துல..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல், என் மேசையில் ஒரு மஞ்சள் சீட்டை வைத்துவிட்டுக் காபி ஊற்றப் போய்விட்டாள்.

நான் சீட்டைத் தொடாமல் முதலில் பதிவைத்தான் போட்டேன். கூச்சல். ஆல்டர் வளைவு. மௌனம். கார்லா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். திடீரென்று அவள் முகம் மாறுகிறது, அவளுக்குக் கேட்டுவிட்டது. கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். பின்னாலிருந்து கைகள் ஏறி வருகின்றன. சில்யா எழுந்து நடுவில் நிற்கிறாள். இந்தத் தடவை டப்பாவைப் போடவில்லை.

"எனக்குக் கேட்டுச்சு கண்ணு" என்கிறாள் கார்லா.

சில்யா தலையாட்டுகிறாள். ஆனால் உட்காரவில்லை. ரயில் வருகிறது, போகிறது. கடைசிப் பெட்டி தாண்டும்வரை அவள் நிற்கிறாள். கார்லா அவளைக் கண்ணாடியில் பார்த்தபடியே இருக்கிறாள்.

சீட்டை எடுத்தேன். சில்யாவின் ஆறாவது சீட்டு. மாணவி பேர் எழுதியிருந்தது. குற்றம் என்ற இடத்தில், 'ரயில் பாதையில் எழுந்து நின்றாள்' என்று வழக்கம்போல. அதற்குக் கீழே, டிரைவர் கோரும் நடவடிக்கை என்ற இடத்தில், கார்லாவின் கொட்டை கொட்டையான கையெழுத்தில்:

'அவள் நிற்கட்டும்.'